ஒளி விழாவுக்குப் பத்து நாடுகள் வேண்டாம்

வாசகியின் கேள்வி:

"கொழும்பில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் தரம் 4 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் சைவப் பிள்ளைகள்தான் கூட. கத்தோலிக்கர், வேறு கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்கள், முஸ்லிம்கள் எல்லாரும் இருக்கிறார்கள். இந்த வருட ஒளி விழாவில் எங்கள் வகுப்புக்கு 'உலக நாடுகளில் நத்தார்' என்ற நிகழ்ச்சி தரப்பட்டிருக்கிறது. பத்து நாடுகளின் உடையில் பிள்ளைகள் மேடையில் நடந்து வர, ஒருவர் ஒலிவாங்கியில் ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் இரண்டு வரி வாசிப்பதாகத் திட்டம் போட்டேன். ஒரு முஸ்லிம் பிள்ளையின் தாய், தன் மகள் பங்குபற்ற வேண்டாம் என்கிறார். ஒரு கத்தோலிக்கத் தகப்பன், 'எல்லா நாட்டுச் சாப்பாடும் வருது, பாலன் இயேசு எங்க?' என்று கேட்டார். 'நத்தார் வெள்ளைக்காரர்ட பெருநாள்தானே ரீச்சர், நாங்க ஏன் படிக்கணும்?' என்று ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான். மூன்று பேருக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. எப்படிச் செய்யலாம்?"

- வெள்ளவத்தை வாசகி

அன்புள்ள ரீச்சர்,

பத்து நாடுகளை மூன்றாகக் குறையுங்கள். உங்களிடம் கேட்ட மூன்று பேருக்கும் பதில் சொல்ல அதுதான் முதல் வேலை.

ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலைகளுக்குப் போகும்போது இந்த உடை அணிவகுப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பெரிய தொப்பி போட்ட பிள்ளை மெக்சிக்கோ, கிமோனோ உடுத்த பிள்ளை ஜப்பான். ஒருவருக்கு மேடையில் அரை நிமிடம். இறங்கி வந்த பிறகு, மெக்சிக்கோவில் நத்தாருக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டால் பிள்ளைக்குத் தொப்பி மட்டும்தான் தெரியும். பெற்றாருக்கு உடுப்பு வாடகைச் செலவு வேறு. ஒரு வழக்கத்தை யார் செய்கிறார்கள், எந்த நாளில், எதற்காக என்று ஒரு பிள்ளை தன் வாயால் சொன்னால்தான் அது படித்ததாகும். மூன்று இடங்களைப் பற்றி அப்படிச் சொல்ல ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குத் தாராளமாக முடியும். பத்து இடங்களைப் பற்றிப் பெரியவர்களுக்கும் முடியாது.

அந்தத் தகப்பன் கேட்டது நியாயமான கேள்வி. உலக நாடுகளின் கேக்கையும் மரத்தையும் நட்சத்திரத்தையும் காட்டிவிட்டு, அவை எதற்காக என்பதை விட்டுவிட்டால் கிறிஸ்தவப் பிள்ளைகளின் நம்பிக்கையை வெறும் அலங்காரமாக்கிவிடுகிறோம். ஆகவே நாடுகளுக்கு முன்னால் கதையைச் சொல்லுங்கள். பெத்லகேமில் இடமில்லாமல் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தை, மேய்ப்பர்கள், கிழக்கிலிருந்து வந்த ஞானிகள், நட்சத்திரம். லூக்கா நற்செய்தியில் மேய்ப்பர்களும் மத்தேயு நற்செய்தியில் ஞானிகளும் வருகிறார்கள். "இயேசு கடவுளின் மகன் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள், அவருடைய பிறப்பை இந்த நாளில் கொண்டாடுகிறார்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். அந்த வசனத்தில் "கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள்" என்பது இருக்கும்வரை, அங்கே இருக்கும் சைவப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் நீங்கள் எதையும் திணிக்கவில்லை. கிறிஸ்தவப் பிள்ளைக்கும் தன் நம்பிக்கை மரியாதையோடு சொல்லப்பட்டதாக இருக்கும். வீட்டில் குடில் கட்டும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் 1223ஆம் ஆண்டு நத்தாருக்கு புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து அந்தக் காட்சியை மக்களுக்குக் காட்டினார். இன்று உலகெங்கும் கட்டும் குடில்கள் அந்த வழியில் பரவியவை.

அடுத்தது நாடுகள் அல்ல, கொழும்பு. வீட்டுக்கு ஒரு கேள்வியைக் கொப்பியில் எழுதி அனுப்புங்கள்: "உங்கள் வீட்டில் அல்லது அயலில், நத்தாருக்கு முதல்நாள் யார் என்ன செய்வார்கள்?" "அயலில்" என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், அப்போதுதான் எல்லாப் பிள்ளைகளும் பதிலோடு வருவார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை பாலன் குடிலையும் நள்ளிரவுத் திருப்பலியையும் சொல்லும். மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை கரோல் குழுவோடு வீடு வீடாகப் போனதைச் சொல்லும். சிங்களக் கிறிஸ்தவ அயலவர் தந்த பாற்சோறும் கொக்கிஸும் வரும். நத்தாரைக் கொண்டாடாத சபைகளும் உண்டு. அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை இருந்தால் "நீயும் வேதக்காரர்தானே, ஏன் செய்றேல்ல?" என்று மற்றப் பிள்ளைகள் நெருக்காமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடுகளின் ப்ரூடரை விட்டுவிட வேண்டாம். மா, முட்டை, பட்டர், பிளம்ஸ் சேர்த்துப் புளிக்கவைத்து, வரிவரியாக மடிப்புள்ள அச்சில் சுட்டெடுக்கும் அப்பம் அது. எடாம் சீஸோடு நத்தார்க் காலையில் சாப்பிடுவார்கள். ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல், ஆங்கிலேயரிடம் இழந்தது 1796இல். ஆட்சி போய் இருநூறு வருடத்துக்கு மேலாகியும் அடுப்படியில் அந்த அச்சு இருக்கிறது. நமது நத்தார் கேக்கும் ஆங்கிலேயரின் பழக் கேக்கிலிருந்து வந்ததுதான். ஆனால் கோதுமை மாவுக்குப் பதிலாக ரவை, அதோடு கஜு, நீற்றுப்பூசணித் தோசி, இஞ்சிப் பாகு, பன்னீர் என்று இங்கே வந்து வேறு ஆளாகிவிட்டது. சின்னத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் கடதாசியில் சுற்றி அயல் வீடுகளுக்குக் கொடுப்பதும் நம் ஊர்ப் பழக்கம். வழக்கம் என்பது கப்பலில் வந்து, கிடைக்கும் சாமானுக்கும் சமைக்கும் கைக்கும் ஏற்ப மாறும் என்பதைப் பிள்ளைகள் இந்த ஒரு கேக்கிலேயே கண்டுகொள்வார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த பாடம் இது.

இனி அந்த மாணவனின் கேள்வி. நமது கடைகளில் தொங்கும் பஞ்சுப் பனியையும் சிவப்புச் சட்டைத் தாத்தாவையும் பார்த்த பிள்ளை வேறு எப்படி நினைக்கும்? அவனைக் கண்டிக்காமல் உலகப் படத்தின் முன்னால் கூட்டிவாருங்கள். பெத்லகேம் எங்கே இருக்கிறது என்று அவனே விரல் வைத்துக் காட்டட்டும். அது மேற்கு ஆசியா. பிறகு எத்தியோப்பியாவைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே 4ஆம் நூற்றாண்டிலேயே எசானா என்ற மன்னர் கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொண்டார். சுவீடனுக்கும் நோர்வேக்கும் அந்த மதம் போய்ச் சேர்வதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. உங்கள் மூன்று நாடுகளில் முதலாவது எத்தியோப்பியாவாக இருக்கட்டும்.

அங்கே நத்தாருக்கு கென்னா என்று பெயர். ஜனவரி 7இல் வரும். அதற்கு முன் 43 நாள் நோன்பு: இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லை. கந்தசஷ்டி விரதத்தையும் றமழான் நோன்பையும் வீட்டில் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். இரவு முழுக்க வெள்ளைப் பருத்தி ஆடை போர்த்தியவர்கள் தேவாலயத்தில் நிறைந்திருப்பார்கள். லாலிபெலா என்ற ஊரில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த 11 தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு யாத்திரையாக மலை வழியே நடந்து வருவார்கள். அந்த நாளில் வளைந்த தடியாலும் மரப் பந்தாலும் விளையாடும் ஒரு விளையாட்டும் உண்டு. இயேசு பிறந்த செய்தி கேட்ட மேய்ப்பர்கள் தங்கள் தடிகளை வைத்து மகிழ்ச்சியில் விளையாடியதாக அங்கே கதை சொல்வார்கள். பாடசாலை மைதானத்தில் இதை விளையாடிப் பார்க்க ஒரு பாடவேளை போதும், அதற்கு உடுப்பும் தேவையில்லை.

"ஏன் ஜனவரி?" என்று கட்டாயம் கேட்பார்கள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். சில திருச்சபைகள் பழைய நாட்காட்டி முறைகளையே இன்றும் வைத்திருப்பதால் அவர்களின் டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7இல் வருகிறது. இரண்டுக்கும் இன்று 13 நாள் வித்தியாசம். பெத்லகேமில் இயேசு பிறந்த இடமாகக் கருதப்படும் தேவாலயத்திலும் அந்த நகரிலும் நத்தார் மூன்று தடவை வருகிறது: கத்தோலிக்கருக்கு டிசம்பர் 25, கிரேக்க ஓர்தடொக்ஸ் திருச்சபைக்கு ஜனவரி 7, ஆர்மேனியருக்கு ஜனவரி 19. சைவப் பிள்ளைகளுக்கு இது புதினமே இல்லை. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் இன்னொன்று என்று வீட்டில் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பிறை தெரிந்தால்தான் பெருநாள். நாட்களை எண்ணும் முறை பற்றிய ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், யாருக்கும் சங்கடமும் இருக்காது. சுற்றாடல் பாடவேளையிலேயே செய்துவிடலாம்.

இரண்டாவது பிலிப்பைன்ஸ். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலிக்கு அங்கே கூட்டம் கூட்டமாகப் போவார்கள். வயலுக்கும் வேலைக்கும் போகிறவர்கள் அதற்கு முன்னால் வந்துபோக வசதியாக ஏற்பட்ட நேரம் அது. மார்கழிக் குளிரில் திருவெம்பாவைக்கு அம்மா தட்டி எழுப்பிய அனுபவம் உள்ள பிள்ளையிடம் இதைக் கேளுங்கள், நித்திரைக் கண்ணோடு கோயிலில் நின்ற கதையெல்லாம் வரும். பூசை முடிந்து வெளியே வந்தால் மூங்கில் குழலில் அவித்த ஊதா நிறப் பசையரிசியைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு விற்பார்கள். பெயர் புத்தோ பும்போங். நம் குழல்புட்டைச் சாப்பிட்ட பிள்ளைக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை.

அங்கே வீட்டுக்கு வீடு தொங்கும் நட்சத்திரக் கூண்டுக்குப் பரோல் என்று பெயர். மூங்கில் கீற்றில் ஐந்து முனை நட்சத்திரம் கட்டி, மெல்லிய நிறக் கடதாசி ஒட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். ஞானிகளுக்கு வழிகாட்டிய நட்சத்திரத்தின் நினைவு அது. கொழும்புப் பிள்ளைகளுக்கு வெசாக் கூடு பார்த்தே பழக்கம், சிலருக்குக் கட்டவும் தெரியும். அந்தக் கைவேலையை வகுப்பில் செய்யுங்கள். வளைகுடாவில் வேலை செய்து வந்த தாய்மார் யாராவது இருந்தால், கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ் தோழிகள் நத்தாருக்கு என்ன செய்தார்கள் என்று வந்து சொல்லச் சொல்லுங்கள். இணையத்தில் எடுத்த படத்தைவிட அந்தத் தாயின் பேச்சு பிள்ளைகளின் மனதில் நிற்கும். மேடைக்குத் தயங்கும் அவருக்கும் அது ஒரு மரியாதை.

மூன்றாவது நாட்டுக்கு கொட்டாஞ்சேனை வழியாகப் போகலாம். அங்கே உள்ள பேராலயம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். புனித லூசியாள். சிசிலித் தீவின் சிராகூசா நகரில் வாழ்ந்து, 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்பிக்கைக்காக உயிர்விட்ட இளம்பெண். அவருடைய நாள் டிசம்பர் 13. அதே நாளில் சுவீடனில் வெள்ளை அங்கியும் சிவப்புப் பட்டியும் கட்டி, தலையில் விளக்குக் கிரீடம் வைத்த ஒரு பெண்பிள்ளை முன்னே வர, மற்றப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டு பின்னால் வருவார்கள். குங்குமப்பூப் போட்ட மஞ்சள் பணிஸ் பரிமாறுவார்கள். சுவீடன் பெரும்பாலும் லூத்தரன் நாடு. ஆனாலும் கத்தோலிக்கப் புனிதை ஒருவரின் நாளை இவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறார்கள். ஏன் என்பதற்கு வானத்தைப் பார்க்க வேண்டும். டிசம்பர் நடுவில் ஸ்டொக்ஹோமில் பகல் வெளிச்சம் ஆறு மணித்தியாலம்தான், பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும். வடக்கே கிருணாவில் அந்த நாட்களில் சூரியன் எழும்புவதே இல்லை. கொழும்பில் வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணித்தியாலப் பகல் காணும் பிள்ளைகள், பூகோள உருண்டையையும் ஒரு டோர்ச் லைட்டையும் வைத்து இதைத் தாங்களே கண்டுபிடிக்கலாம். அப்படியே உருண்டையைத் திருப்பினால் அவுஸ்திரேலியாவில் அதே நத்தார் கோடை வெயிலில் வருவதும் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்ப்பது பிள்ளைகளுக்கு இயல்பு. விளக்கைக் கண்டதும் "எங்கட கார்த்திகை விளக்கீடு மாதிரி" என்பார்கள். சொல்லட்டும். அதற்காக நீங்கள் "எல்லாம் ஒன்றுதான் பிள்ளைகள்" என்று முடித்துவிட வேண்டாம். விளக்கீட்டில் ஏற்றும் தீபத்துக்கு ஒரு பொருள், லூசியாளின் விளக்குக்கு வேறு பொருள், வெசாக் கூட்டுக்கு இன்னொன்று. "விளக்கு ஒரே மாதிரி இருக்கு. எதுக்காக ஏத்துறாங்க?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கரைத்தால் எவருடைய நம்பிக்கையையும் நாம் உண்மையாகக் கேட்கவில்லை.

படங்கள் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. எத்தியோப்பியாவைக் காட்டுவதற்காக எந்தப் பிள்ளையின் முகத்திலும் கறுப்பு மை பூச வேண்டாம். நம் மேடைகளில் இது இன்னும் நடக்கிறது, பார்க்கும்போது மனம் வலிக்கிறது. நெதர்லாந்தில் புனித நிக்கலஸ் விழாவில் அவருடைய உதவியாளராகக் கறுப்பு முகம் பூசி வரும் பழைய வழக்கத்தை அந்த நாட்டிலேயே பலர் கடுமையாக எதிர்த்து, பல நகரங்கள் மாற்றிக்கொண்டுவிட்டன. இணையத்தில் தேடினால் பழைய படங்கள் நிறைய வரும், அவற்றை ஒட்ட வேண்டாம்.

முஸ்லிம் தாயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவரை ஒளி விழாவுக்கு முன் தனியாகச் சந்தியுங்கள். சம்மதம் வாங்கும் நோக்கத்தில் பேச வேண்டாம், மகள் என்ன செய்வாள், என்ன செய்யமாட்டாள் என்று விவரமாகச் சொல்லுங்கள். வழிபாட்டுப் பாடல் பாடமாட்டாள், குடில் நாடகத்தில் நடிக்கமாட்டாள், செபத்தில் சேரமாட்டாள். உலகப் படத்தில் நாடுகளைக் காட்டுவது, நாட்காட்டி வித்தியாசத்தை விளக்குவது, பகல் இரவுப் பரிசோதனை செய்து காட்டுவது, இவற்றில் எது சம்மதம் என்று கேளுங்கள். இன்னொருவரின் பண்டிகையைப் பற்றி அறிவதும் அதைக் கொண்டாடுவதும் ஒன்றல்ல என்பது அவருக்கும் தெரியும். பாடசாலை அந்த எல்லையைக் காக்குமா என்பதுதான் அவருடைய பயம். குர்ஆனில் 19ஆவது அத்தியாயம் மர்யம் பெயரில் இருக்கிறது, ஈஸா நபியின் பிறப்பு அதில் சொல்லப்படுகிறது. இது உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் "உங்கட வேதத்திலயும் இருக்குதானே" என்று அவரை மடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. அதன் பிறகும் வேண்டாம் என்றால் அந்த முடிவை மதியுங்கள். அன்றைக்கு மகளுக்கு வகுப்பில் வேறு ஒரு நல்ல வேலை இருக்கட்டும், மூலையில் சும்மா உட்கார வைக்க வேண்டாம்.

இந்த வேலைக்கு நீங்கள் இவ்வளவு யோசிப்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நமது பாடசாலைகளில் சமயபாட வேளை வந்தால் சைவசமயம் ஒரு அறை, கத்தோலிக்கம் ஒரு அறை, இஸ்லாம் ஒரு அறை என்று பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள். தன் சமயத்தை ஆழமாகப் படிக்க அது தேவைதான். ஆனால் பக்கத்து மேசைப் பிள்ளை எதை நம்புகிறது என்பதை மரியாதையான ஒரு பெரியவர் வாயால் கேட்கும் சந்தர்ப்பம் மிகக் குறைவு. ஒளி விழா அப்படிப்பட்ட ஒன்று.

அதே காரணத்தால் இதற்கும் ஆயத்தமாக இருங்கள்: "நத்தாருக்குச் சேர்ச்சில ஏன் ஆமி நிக்குது?" உங்கள் பிள்ளைகளுக்கு 2019 ஏப்ரல் 21 நினைவில் இராது. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம் உட்பட மூன்று தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்த நாள். நீங்களாகத் தொடங்க வேண்டாம். பிள்ளை கேட்டால் மழுப்பவும் வேண்டாம். "ஒரு உயிர்த்த ஞாயிறு அன்று கொடுமையான சிலர் தேவாலயங்களில் குண்டு வைத்தார்கள், நிறையப் பேர் இறந்தார்கள், அதனால் காவல் போடுகிறார்கள்" என்பது போதும். யாரையும் இழந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். முஸ்லிம் பிள்ளைகள் பக்கம் ஒரு கண்கூடத் திரும்பக் கூடாது. யாராவது ஒரு சொல் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்தி, அந்தச் செயலுக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

நத்தார் தாத்தா பற்றிச் சுருக்கமாக. 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயராக இருந்த நிக்கலஸ் என்பவரின் கதையிலிருந்து அவர் வந்தார் என்று சொல்லலாம். அவருடைய நாள் டிசம்பர் 6. "உண்மையா வருவாரா?" என்ற கேள்வியை வீட்டுக்கு விட்டுவிடுங்கள், ஒவ்வொரு பெற்றாரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லியிருப்பார்கள். "உனக்கு என்ன பரிசு கிடைத்தது?" என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டாம். புது உடுப்பே வாங்க முடியாத வீடுகள் உங்கள் வகுப்பிலும் இருக்கும்.

மேடையைப் பற்றி அதிபரிடம் இப்படிக் கேளுங்கள்: அணிவகுப்புக்குப் பதிலாக மண்டபத்தின் ஓரமாக நான்கு மேசைகள். ஒன்று கொழும்பு, மற்றவை மூன்று நாடுகளுக்கும். பிள்ளைகள் தங்கள் மேசையில் நின்று, வருகிறவர்களுக்கு வாயால் விளக்குவார்கள், தாங்கள் செய்த கூட்டைக் காட்டுவார்கள். மேடையில் ஒன்று வேண்டும் என்று அவர் சொன்னால் மெக்சிக்கோவின் போசாதாஸ் நல்ல தேர்வு. அதுவும் டிசம்பர் 16 முதல் 24 வரை நடப்பதுதான். யோசேப்பும் மரியாளும் தங்க இடம் தேடியதை நினைத்து ஒரு கூட்டம் வெளியே நின்று கதவு தட்டிப் பாடும், உள்ளே இருப்பவர்கள் இல்லை என்று பாடுவார்கள், கடைசியில் ஒரு வீடு திறக்கும். விருப்பமுள்ள கிறிஸ்தவப் பிள்ளைகள் அதைச் செய்யட்டும்.

விழாவுக்கு ஒரு கிழமை முன்னதாகவே இவற்றை எல்லாப் பெற்றாருக்கும் ஒரே கடிதத்தில் அறிவியுங்கள். கேக் கொடுப்பதாக இருந்தால் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். நமது நத்தார் கேக்கில் முட்டை நிறைய இருக்கும், வீட்டு முறையில் பிரண்டியும் சேர்ப்பார்கள், கஜு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு. பிரண்டி இல்லாமல் செய்யச் சொல்லுங்கள். மரக்கறிப் பிள்ளைகளுக்கு முட்டையில்லாத வேறு பலகாரம் தனித் தட்டில் வையுங்கள், எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.